நூற்றைம்பது ரூபாய்ப் பாட்டு

வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் என்றொரு நகரம் இருக்கிறது, அங்கே மேடை ஏறாதவர்கள்கூடப் பாட்டு எழுதியே வீடு கட்டிவிடுகிறார்கள் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டு எழுதாத வீடு எது? கிறிஸ்துமஸ் பவனிக்கு, அம்மன் கொடைக்கு, கல்யாண வாழ்த்துக்கு, பஞ்சாயத்துத் தேர்தலுக்கு என்று வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கும். ஆகவே இந்த மாதம் முழுக்க அந்த விஷயம்தான். முழங்கால் வலிக்கு வைத்தியம் கேட்டிருந்த திருவட்டாறு வாசகர் மன்னிக்கவும். முப்பத்தோரு வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியவனிடம் கேட்கிற கேள்வியும் அல்ல அது.

கேள்வி: ஐயா, பாட்டு எழுதுவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பி.எட். படியுங்கள் தம்பி. படித்துக்கொண்டே கீழே உள்ளதையும் வாசியுங்கள்.

நாஷ்வில்லில் வேறு வேலை பார்க்காமல் பாட்டு எழுதியே பிழைத்தவர்களில் முன்னோடிகள் என்று ஒரு கணவன் மனைவியைச் சொல்வார்கள். கணவர் பெயர் பூட்லோ பிரையன்ட். ஜார்ஜியா மாநிலத்துக்காரர், முறையாக வயலின் கற்றவர், அட்லான்டாவில் மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுவில் வாசித்தவர். மனைவி ஃபெலிஸ். 1945இல் மில்வாக்கி நகரத்து ஹோட்டல் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிற பெண்ணாக இருந்தபோதுதான் பூட்லோ அவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பித்து, 1950இல் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எழுதிய பாட்டுகளையெல்லாம் கணக்குப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, தடித்த அட்டை போட்ட பேரேடு, அதில் வரிசையாக எழுதிவைத்தார்கள். இதை முதலில் படித்தபோது எழுந்து போய் என் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டேன். தோட்டத்து அலுவலகத்தில் கழித்துப்போட்ட பேரேடு ஒன்றில்தான் நானும் என் பாட்டுகளை எழுதிவைத்திருக்கிறேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று அச்சடித்த கோடுகளுக்கு மேலேயே பல்லவியும் சரணமும் ஓடும்.

அவர்களுடைய 'பை பை லவ்' என்ற பாட்டை முப்பது பேர் அளவில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். 1957இல் எவர்லி சகோதரர்கள் என்ற இரண்டு இளைஞர்கள் வாங்கிப் பாடினார்கள். கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமியச் சாயல் பாட்டுகளின் புகழ்ப் பட்டியலில் முதலிடம், பாப் எனப்படும் பட்டணத்து ஜனரஞ்சகப் பாட்டுகளின் பட்டியலில் இரண்டாம் இடம். அதன் பிறகு பிரையன்ட் வீட்டுக் கதவைத் தட்டாத பாடகர் இல்லை.

இப்போது கணக்கு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஓர் இசைத்தட்டு விற்றால் பாட்டுக்கு இரண்டு சென்ட். 1909இல் நிர்ணயித்த தொகை. 1978 வரை அதைத் தொடவே இல்லை. இரண்டு உலகப் போர் வந்து போயிற்று, இரண்டு சென்ட் மட்டும் அப்படியே இருந்தது. பத்து லட்சம் தட்டு விற்றால் இருபதாயிரம் டாலர். அதில் வழக்கப்படி பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கிற பதிப்பாளருக்கு. மீதியைத்தான் எழுதியவர் பார்ப்பார். பத்து லட்சம் விற்கிற பாட்டு எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? விடாமல் எழுதினார்கள். நம் ஊர் ரப்பர்ப் பால்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆள் தோட்டத்துக்குள் போய்விடுவார். ஒரு மரத்தில் ஒரு மெல்லிய சீவல்தான். ஆழமாக வெட்டினால் அதிகப் பால் வரும் என்று ஆசைப்பட்டால் மரம் காயப்பட்டுவிடும். சிரட்டையில் வடிந்ததை எடுத்த பிறகு ஒட்டிக் காய்ந்திருப்பதையும் வழித்து ஒட்டுப்பால் என்று தனியாக விற்போம். பிரையன்ட் தம்பதியின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்று அப்படி ஒட்டுப்பாலாக வந்ததுதான். 1967இல் மலையடிவார ஊரான கேட்லின்பர்க்கில், ஒரு விடுதியில் உட்கார்ந்து, முதியவர்களைப் பற்றிய மெதுவான சோகப் பாட்டுகளாக ஒரு தொகுப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அலுத்துவிட்டது. மாறுதலுக்கு வேகமாக ஒன்று எழுதலாம் என்று பத்து நிமிடத்தில் எழுதிய பாட்டு 'ராக்கி டாப்'. 1982இல் டென்னசி மாநிலம் அதைத் தன் அதிகாரப்பூர்வப் பாட்டுகளில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் இருபது வருடத்துப் பேரேடு இருக்கிறது தம்பி, அதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: என் அப்பா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். இன்றும் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டு என்றால் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். அந்தப் பாட்டுகளை அவரே எழுதினாரா?
- குடும்பத் தலைவி, தக்கலை

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நாங்கள் ஒரே ஜாதி. கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா கொண்டுவந்த தட்டுகளில் நான் அறிந்த குரல் அது. பாதி வார்த்தை புரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

எல்லாமே அவர் எழுதியவை அல்ல. 1960இல் கன்ட்ரி பட்டியலில் பதினான்கு வாரம் முதலிடத்தில் இருந்த 'ஹி வில் ஹேவ் டு கோ' பாட்டை எழுதியவர்கள் ஜோ அலிசன், அவர் மனைவி ஆட்ரி. ஆட்ரிக்கு மெல்லிய குரல். தொலைபேசியில் பேசினால் கணவருக்குக் கேட்காது. வாயைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்தப் பேச்சுத்தான் பாட்டின் தொடக்கமாயிற்று.

எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிற அழைப்புக்காக எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்ற பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி "சத்தமாகப் பேசுங்கள்" என்று கத்துவார்கள். ஒருவருக்கும் அதைப் பாட்டாக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று, தானே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் நாஷ்வில் அருகே விழுந்து இறந்துபோனார். செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பல மாதம் கழித்து, மாமாவின் கடிதத்தில்.

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். நான் எழுதிய ஆறு பாட்டுகளை ஊரில் உள்ள ஓர் இசை நிறுவனம் கேட்கிறது. மொத்தமாக ஒரு தொகை தந்து, 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா அண்ணாச்சி?
- குளச்சல் வாசகர்

போடாதீர்கள். இந்தப் பதிலை எழுதத்தான் இத்தனை வருடமாக இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றுகூடத் தோன்றுகிறது.

1987 அக்டோபர். கேசட் காலம். ஒரு கேசட் நிறுவனத்துக்காரர் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்தார். பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பாட்டுகள், பாட்டுக்கு நூற்றைம்பது ரூபாய், கையோடு பணம். ஆயிரத்து எண்ணூறு ரூபாயைப் பத்து ரூபாய் நோட்டுகளாக ஒட்டுப்பால் மூட்டையின்மேல் வைத்து எண்ணினார். அன்றைக்கு அது எனக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். முத்திரைத்தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. தினமும் கணக்கு எழுதுகிறவன், கூட்டல் புள்ளி ஒன்று தவறினாலும் தூக்கம் வராதவன், என் சொந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கேசட் வந்தது. அட்டையில் பாடகர் படம், இசையமைத்தவர் பெயர், நிறுவனத்தின் முகவரி எல்லாம் இருந்தன. என் பெயர் மட்டும் இல்லை. கேட்கப் போனபோது, "இடம் பற்றவில்லை" என்றார்.

பல வருடம் கழித்து வில்லி நெல்சன் என்ற கன்ட்ரி பாட்டுக்காரரைப் பற்றிப் படித்தேன். டெக்சஸ்காரர், 1933இல் பிறந்தவர். நாஷ்வில்லுக்கு வருவதற்கு முன், வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பாட்டை ஐம்பது டாலருக்கும் இன்னொன்றை நூற்றைம்பது டாலருக்கும் முழுதாக விற்றுவிட்டார். இரண்டும் பிற்பாடு பெரிய பெயர் பெற்றன. நூற்றைம்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டாலர் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

1961இல் அவர் இன்னொரு பாட்டையும் ஐந்நூறு டாலருக்கு விற்கப் பார்த்தார். பாட இருந்தவர் ஃபேரன் யங். விலைக்கு வாங்க அவர் மறுத்துவிட்டார். பாட்டை விற்காதே, வைத்துக்கொள், பணம் வேண்டுமானால் கடனாகத் தருகிறேன் என்று ஐந்நூறு டாலரைக் கையில் கொடுத்தார். அந்தப் பாட்டு ஒன்பது வாரம் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதே வருடம்தான் நெல்சன் எழுதிய 'கிரேஸி'யைப் பாடகி பாட்சி கிளைன் பாடினார். வாங்க வந்தவரே விற்காதே என்று சொல்கிற பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

டாலி பார்ட்டன் கதை இதைவிடக் கனமானது. டென்னசி மலைக் கிராமத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாக 1946இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே, 1964இல், நாஷ்வில்லுக்குப் போய்விட்டார். பாடகியாகத் தெரிவதற்கு முன்பே, மாமா பில் ஓவன்ஸுடன் சேர்ந்து எழுதிய பாட்டு வேறொருவர் குரலில் 1966இல் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. பிறகு போர்ட்டர் வாகனர் என்பவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழு வருடம். அவரை விட்டுப் பிரிய வேண்டிய கட்டம் வந்தபோது, சண்டை போடுவதற்குப் பதில் ஒரு பாட்டு எழுதினார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1974இல் வெளிவந்து கன்ட்ரியில் முதலிடம் பிடித்தது.

எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஒலிப்பதிவுக்கு நாள் குறித்தாயிற்று என்ற நிலையில் எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதி தங்களுக்கு வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார். டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு முழுக்க அழுததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், உலகத்திலேயே பெரிய பாடகர் உங்கள் பாட்டைக் கேட்கிறார், நீங்கள் முடியாது என்கிறீர்கள். ஊர் என்ன சொல்லியிருக்கும்? மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு எவ்வளவு திமிர் என்றுதான் சொல்லியிருக்கும்.

1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டை ஒரு திரைப்படத்துக்காகப் பாடினார். அமெரிக்கப் பாப் பட்டியலில் பதினான்கு வாரம் முதலிடம். அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் பணம் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் போகும், பாடியவருக்குக் கிடையாது. எழுதியவர், பதிப்புரிமையை வைத்திருந்தவர் இரண்டும் டாலிதான். அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்கிற பகுதியில் ஒரு கட்டடத் தொகுதி வாங்கினேன், அது விட்னி கட்டிய வீடு என்று பின்னாளில் சொன்னார்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். இப்போதைய நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று தாளில் இல்லாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் 'நிரந்தரமாக' என்ற சொல்லை அவர்கள் அவ்வளவு ஞாபகமாகப் போட்டிருக்கிறார்கள். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எந்த வகையில் பயன்பட்டாலும் வருகிற ராயல்டியில் எழுதியவருக்கும் சமபங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் பாட்டாசிரியர்களுக்காக இந்தப் பணத்தை வசூலிக்கிறது, உறுப்பினராகச் சேர விசாரியுங்கள். காலத்தைக் குறைத்து, பெயர் கட்டாயம் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பாட்டு உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்குச் சோறு போட வேண்டியதில்லை.

கேள்வி: மெட்டு முதலிலா, வரி முதலிலா?
- கருங்கல் வாசகர்

கடன்காரர் வாசலுக்கு வருகிற நேரம் முதலில். மற்றது எப்படியும் வந்துவிடும்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக வில்லுப்பாட்டுப் பாடுகிறவர்கள். நீங்கள் சொல்லும் கன்ட்ரி பாட்டுக்கும் எங்கள் கலைக்கும் ஏதாவது உறவு உண்டா?
- வில்லிசைக் கலைஞர், தோவாளை

ரத்த உறவு இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சாயல் இருக்கிறது. இரண்டும் கதை சொல்கின்றன. யார், எந்த ஊர், என்ன நடந்தது என்பது இல்லாமல் உங்கள் வில் ஒலிக்காது, அவர்கள் கித்தாரும் ஒலிக்காது. அதே கதையை, பிடிலையும் கிராமத்து உச்சரிப்பையும் குறைத்து, பின்னால் வயலின் கூட்டமும் சேர்ந்திசையும் வைத்துவிட்டால் பட்டணத்துப் பாப் பாட்டாகிவிடுகிறது. டாலியின் பாட்டு 1974இல் கன்ட்ரி, 1992இல் பாப். வரி மாறவில்லை.

நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே என்று ஒரு சின்னக் கடை உண்டு, 1982இல் திறந்தது. கடைகள் வரிசையில் ஒன்று, தொண்ணூறு பேர் அளவில்தான் உட்காரலாம். அங்கே நாலு பாட்டாசிரியர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொன்றாகத் தாங்கள் எழுதியதைத் தாங்களே பாடுவார்கள். அது எப்படிப் பிறந்தது என்று இடையில் கதையும் சொல்வார்கள். ஒருவர் வீசுகோல் பிடிக்க, ஒருவர் குடம் தட்ட, ஒருவர் உடுக்கை அடிக்க, எல்லோரும் 'ஆமாம்' போடுகிற உங்கள் வட்டம் என் கண்ணில் வந்தது. ஒரே வித்தியாசம், அங்கே கேட்க வந்தவர்கள் பேசினால் உஷ் என்று அடக்கிவிடுவார்கள். இங்கே நீங்கள் அம்மன் பிறந்த கதையைப் பாடும்போது ஒருபக்கம் வேட்டுச் சத்தம், இன்னொரு பக்கம் காணாமல் போன குழந்தையைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அதையும் மீறிக் கதையைக் கேட்கவைக்கிற தொண்டை அவர்களுக்கு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

கேள்வி: கவிமணி பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பாட்டுப் புராணம் பாடுகிறீரே, வெட்கமாக இல்லையா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுசீந்திரம்

இல்லை ஐயா. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணிதான் எட்வின் அர்னால்டைப் பார்த்து 'ஆசிய ஜோதி'யும், உமர் கய்யாமைப் பார்த்து ஓமர் கய்யாம் பாடல்களும் தமிழில் தந்தார். வெளியிலிருந்து கொண்டுவந்தார், வந்தது நாஞ்சில் நாட்டு வயலில் விளைந்தது போல இருந்தது. மருமக்கள்வழி என்கிற, சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்துப் போகிற வழக்கத்தைக் கிண்டல் செய்து மான்மியம் எழுதியவரும் அவரே. உள்ளூரைத் திட்டவும் வெளியூரை ரசிக்கவும் அவரிடமிருந்துதான் கற்றேன். இன்னொன்று: அவர் காலமெல்லாம் ஆசிரியர் வேலை பார்த்தார். மேலே உள்ள மார்த்தாண்டம் தம்பி கவனிக்கவும்.

கேள்வி: நீங்கள் எழுதிய பாட்டு எதுவென்று ஒருபோதும் சொல்வதில்லையே. ஒன்றையாவது சொல்லுங்கள் தாத்தா.
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, குலசேகரம்

சட்டப்படி அது என்னுடையதா என்பதிலேயே வழக்கு இருக்கிறது மகளே. ஆனாலும் கேட்டுவிட்டாய்.

சென்ற டிசம்பரில் ஓர் இரவு, பதினோரு மணி இருக்கும், பவனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு டிரம், ஒரு கீபோர்டு, சிவப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. சாரல் விட்டுவிட்டு அடித்ததால் கீபோர்டுக்கு மட்டும் ஒரு பையன் குடை பிடித்திருந்தான். பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பன்னிரண்டில் ஏழாவது பாட்டு, ஆட்டிடையர்களைப் பற்றியது. பாடிய பிள்ளைகளில் ஒருவர்கூட 1987இல் பிறந்திருக்கவில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். "பழைய பாட்டு தாத்தா" என்றான் டிரம் அடித்த பையன்.

இரண்டாம் சரணத்தில் நான், இடையர்கள்மேல் 'வெண்பனி' பொழிந்ததாக எழுதியிருந்தேன். மாமாவின் தட்டுகளைக் கேட்ட மயக்கம். ரப்பர் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பனிமழை. பிள்ளைகள் அதை எப்போதோ 'சாரல்' என்று மாற்றிவிட்டிருந்தார்கள். எழுத்து ஒன்று குறைகிறது, அந்த இடத்தில் டிரம்மை ஒரு தட்டு தட்டிச் சரிசெய்துகொள்கிறார்கள்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு பேரேட்டை எடுத்தேன். 43ஆம் பக்கம், வலப்பக்கம், செலவுக் கோட்டுக்கு மேலே. 'வெண்பனி'யை அடித்துவிட்டுச் 'சாரல்' என்று எழுதிவைத்தேன்.